துப்பாக்கியால் வீழ்ந்த பறவை

அம்பத்தூரிலிருந்து அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார் நமக்கு ஒரு மஸ்அலா கேட்டனுப்பியிருந்தார்கள். அவருடைய மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். வசந்தகாலம் வந்துவிட்டால் அங்கே காட்டு வான்கோழி வேட்டை தொடங்கிவிடுமாம். உடன் வேலை செய்பவர்கள் மகனையும் அழைக்கிறார்கள். அங்குள்ள சட்டப்படி உரிமம் பெற்றுத்தான் போகிறார்கள். “பிஸ்மி சொல்லிச் சுட்டால் அந்தக் கறியைத் தின்னலாமா என்று பிள்ளை கேட்கிறான் ஹஜ்ரத். எனக்கோ இன்னொரு கேள்வியும் இருக்கிறது. என் அத்தா ஆவடிப் பக்கத்து ஏரிகளில் சுட்டுக்கொண்டு வந்த பறவைகளைத் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அது ஹலால்தானா?”

முதல் கேள்விக்கு மூன்று வரியில் பதில் எழுதிவிடலாம். இரண்டாவது கேள்வி நம்மைச் சற்று நிறுத்திவிட்டது. மதரஸாவில் வேட்டையும் அறுப்பும் பற்றிய பாடத்தை உஸ்தாதிடம் ஓதியபோது அம்பு, ஈட்டி, வேட்டை நாய், ராஜாளி எல்லாவற்றையும் பற்றி ஓதினோம். துப்பாக்கி பற்றிய வரிகளையும் ஓதினோம். ஆனால் துப்பாக்கியைத்தான் கண்ணால் கண்டதில்லை! ஆகவே அந்தத் தாயாரின் பெரியத்தா பூந்தமல்லியில் இருக்கிறார் என்று அறிந்து அவரைத் தேடிப் போனோம். தொண்ணூறை எட்டும் வயது. தம்பியோடு கூடவே வேட்டைக்குப் போனவர். துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்துவிட்டார்கள். பித்தளை அடிப்பாகம் கொண்ட வெற்றுத் தோட்டாக்கள் இரண்டு மட்டும் அலமாரியில் இருந்தன.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நாம் ஓதிய கிதாபின் வரிகள் நமக்கே விளங்கின. அதனால் அதை முதலில் எழுதுகிறோம்.

பறவை வேட்டைக்கான துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போடுவதில்லை. தோட்டாவுக்குள் மருந்து, அதன் மேல் ஒரு தக்கை, அதற்கும் மேல் ஈய ரவைகள். நம் ஊர்ப் பக்கம் பால்ரஸ் என்பார்களே, அதைப் போன்ற உருண்டைகள். ‘12 போர்’ என்பது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுவே அந்தக் குழலின் உள்வாய், சுமார் 18.5 மில்லிமீட்டர். ரவைக்கும் எண் உண்டு. எண் கூடக் கூட ரவை சிறுக்கும். உள்ளானுக்கு 8-ஆம் எண். சிறகி, வாத்துகளுக்கு 4 முதல் 6 வரை. ஆங்கிலேயக் கணக்கில் 6-ஆம் எண் ரவை 2.6 மில்லிமீட்டர். 32 கிராம் கொண்ட ஒரு தோட்டாவில் அப்படிப்பட்ட ரவைகள் ஏறக்குறைய 300 இருக்கும்.

இனி ‘சோக்’ என்பது. அது என்ன என்று கேட்டதும் பெரியவர் எழுந்து தோட்டத்துக் குழாயைத் திறந்து, ரப்பர் டியூபின் வாயை விரலால் நெருக்கிக் காட்டினார். “இவ்வளவுதான் தம்பி ஹஜ்ரத். வாயை நெருக்கினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகிறதல்லவா?” துப்பாக்கிக் குழலின் நுனியை உட்புறமாகச் சிறிது குறுக்கியிருப்பார்கள். முழுச் சோக்கில் அந்தக் குறுக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அது செய்யும் வேலை பெரிது. 40 கஜ தூரத்தில் 30 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டம் வரைந்து சுட்டால், குறுக்கம் இல்லாத குழலில் நூற்றுக்கு 40 ரவைகள் வட்டத்துக்குள் விழும். அரைச் சோக்கில் 60. முழுச் சோக்கில் 70. அதாவது 300 ரவைகளில் 120 விழுந்த இடத்தில் 210 விழுகின்றன. இரட்டைக் குழல் துப்பாக்கியில் வலக்குழலைத் தளர்வாகவும் இடக்குழலை இறுக்கமாகவும் அமைப்பது வழக்கம். முதல் வெடி பக்கத்தில் இருக்கும் பறவைக்கு; இரண்டாம் வெடி பறந்து விலகிவிட்டதற்கு.

வான்கோழி வேட்டையில் இந்த இறுக்கம் இன்னும் கூடுதல். உடம்பில் சுட்டால் கறி முழுதும் ரவையாகிவிடும் என்பதனால் தலையையும் கழுத்தையும் குறிவைக்கிறார்கள். அதற்கென்றே முழுச் சோக்கைவிட நெருக்கமான குழல்வாய்கள் விற்கின்றன. நின்ற இடத்திலேயே பறவை சாய வேண்டும். அதுவே நல்ல வெடி, அதுவே இரக்கமான வெடி என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. இரக்கம் என்ற அளவில் அந்தக் கணக்கைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மார்க்கச் சட்டத்தின் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டால், கத்தி கழுத்துக்குப் போவதற்குள் உயிர் போய்விடுகிறதே!

அடிபட்டுச் செத்ததா, அறுபட்டுச் செத்ததா?

அடித்துக் கொல்லப்பட்டதை அல்லாஹுத்தஆலா அல்மாயிதா ஸூராவின் மூன்றாம் வசனத்தில் செத்த பிராணியோடு சேர்த்து ஹராமாக்கியிருக்கிறான். ‘மவ்கூதா’ என்று அதற்குப் பெயர். இதை வேட்டையில் எப்படிப் பிரித்தறிவது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு விளக்கியிருக்கிறார்கள். அவர் வேட்டையில் பழகியவர். கனத்த கம்பு போன்ற ‘மிஃராள்’ எறிந்து பிடிப்பதைப் பற்றிக் கேட்டார். அதன் முனை குத்தி இறந்தால் உண்ணலாம், அது குறுக்காக விழுந்து அடித்துக் கொன்றால் உண்ணக் கூடாது என்பது அவர்கள் தந்த பதிலின் கருத்து. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு. ஒரே கம்புதான், எறிந்தவரும் ஒருவர்தான். கூர்மை கொன்றதா, கனம் கொன்றதா என்பதில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன.

பழைய காலத்தில் களிமண் உருண்டையை வில்லில் வைத்து அடிப்பார்கள். ‘புந்துக்கா’ என்பது அது. நம் பிள்ளைகளின் உண்டிவில்லும் அதே இனம். அதனால் செத்ததை மவ்கூதா என்றே இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்கிறார்கள். நான்கு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபடுகின்றன. பின்னாளில் மருந்துத் துப்பாக்கி வந்தபோது அரபிகள் அந்த உருண்டையின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். பெயர் ஒன்றானாலும் சட்டமும் ஒன்றா என்பதில்தான் கருத்து பிரிந்தது.

மாலிகி மத்ஹபின் பிற்கால உலமாக்கள், தர்தீர் (ரஹ்), தஸூகி (ரஹ்) போன்றோர், ஈயக்குண்டு துளைத்து ரத்தம் ஓட்டி விரைவில் உயிர் போக்குகிறது, எனவே கூடும் என்றனர். ஏமன் நாட்டு ஷவ்கானி (ரஹ்) அவர்களின் கருத்தும் அதுவே. இக்காலத்து அரபு உலமாக்களில் பலர் இதை ஏற்றிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், ஹிஜ்ரி 1252-இல் (1836) வபாத்தான இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், ஈயம் வேகத்தாலும் கனத்தாலும் சூட்டாலும் கொல்கிறதேயன்றி அதற்கு வெட்டும் முனை இல்லை, ஆகவே கூடாது என்று முடிவு செய்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் இப்னு ஹஜர் ஹைதமி (ரஹ்) அவர்கள் துஹ்ஃபாவில் நெருப்பால் சுடுவதையே தடுத்துவிட்டு, ஓர் இடத்தை மட்டும் விடுகிறார்கள். கைதேர்ந்தவன் பெரிய பறவையின் இறக்கையில் மட்டும் படும்படிச் சுட்டு, உயிரோடு நிறுத்திப் பிடிக்க முடியும் என்று அறிந்தால், கூடும் என்பதற்கு இடமிருக்கிறது என்கிறார்கள்.

நாம் பெரியவரிடம் இந்தச் சூட்டைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்தார். சுட்ட பறவையை உரித்தால் எங்கும் வெந்த தடம் இராதாம். “ரவை புகுந்த துளையைச் சுற்றி ரத்தம் கன்றிப்போயிருக்கும். துளைக்குள்ளே சின்ன இறகும் சேர்ந்து போயிருக்கும். அதைப் பிடுங்கி எடுப்பதுதான் எங்கள் அம்மாவுக்குப் பெரிய வேலை.” இந்த வார்த்தை நமக்குப் பெரிதும் பயன்பட்டது. சுடுகிறது என்ற காரணம் ரவைக்குப் பொருந்தவில்லை என்றாலும், மற்றக் காரணம் பலப்படுகிறது. கூர்மையான அம்பு இறகை வெட்டிக்கொண்டு போகும். உருண்டை ரவை இறகை வெட்டாமல் தன் முன்னே தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. துளைப்பது உண்மை, ஆனால் மோதித் துளைக்கிறது. கூர்முனை கொண்ட ரைஃபிள் தோட்டாவைச் சில ஹனஃபி முஃப்திகள் பிரித்துப் பேசுவதுண்டு. பறவைத் துப்பாக்கியின் ரவைக்கு அந்த வாதமும் உதவாது. ஐயமான இடத்தில் விலக்கும் பக்கமே முந்தும் என்பதனால், நம் நாட்டு ஹனஃபி, ஷாபிஈ வீடுகளுக்கு நாம் சொல்வது இதுதான்: ரவை பட்டு உயிர் போய்விட்ட பறவை கூடாது, உயிரோடு கிடைத்துப் பிஸ்மி சொல்லி அறுத்தது கூடும். வல்லாஹு அஃலம்.

உயிரோடு என்றால் எவ்வளவு உயிர்? ஷாபிஈகள் நிலைபெற்ற உயிர் வேண்டும் என்பார்கள். கண்ணில் பார்வையும் தானாக அசையும் சக்தியும் இருக்க வேண்டும். ஹனஃபிகளிடம் மிச்சமிருக்கும் சிறிதளவு உயிரும் போதும் என்பதே பத்வா. ஆனால் தலை சிதைந்த பிறகு வான்கோழி சில நிமிடங்கள் இறக்கை அடித்துத் துள்ளுவது உயிரல்ல. அது நரம்பின் துடிப்பு. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்னொன்று: அறுக்க நேரமிருந்தும் படம் பிடித்துக்கொண்டு நின்று அதற்குள் செத்துவிட்டால் எந்த மத்ஹபிலும் கூடாது.

தண்ணீரில் விழுந்த பறவை வேறு ஒரு சங்கடம். அம்பு பட்டது தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால், தண்ணீர் கொன்றதா அம்பு கொன்றதா என்று தெரியாது, எனவே உண்ண வேண்டாம் என்று அதே அதிய்யு (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நீர்ப்பறவையாயின் காயம் தண்ணீரில் முழுகாதிருந்தால் மட்டும் ஹனஃபிகள் அனுமதிப்பார்கள். அதுவும் அம்பால் அடித்ததற்கு. ரவையால் செத்ததற்கு முதலிலேயே கதவு மூடியிருக்கிறது.

இப்போது அந்தத் தாயாரின் அத்தாவைப் பற்றி. செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர் ஏரிகளில் மழை முடிந்து வலசைப் பறவைகள் இறங்கும் காலத்தில் அண்ணனும் தம்பியும் விடியுமுன் போவார்களாம். சுடுவது அண்ணன், கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடுவது தம்பி. “கல்லைப் போல விழுந்தால் மற்ற வேட்டைக்காரர்கள் சபாஷ் போடுவார்கள். என் தம்பி மட்டும் தலையில் கை வைத்துக்கொள்வான். போச்சே அண்ணா, அறுக்க முடியாதே என்பான். எட்டு விழுந்தால் மூன்றுதான் வீட்டுக்கு வரும். மற்றதைக் கரையிலேயே புதைத்துவிடுவோம்.”

நாம் அந்தத் தாயாருக்கு எழுதினோம்: உங்கள் வீட்டுச் சட்டிக்கு வந்த மூன்றும் ஹலால். புதைத்த ஐந்தைப் பற்றி நாம் எழுதவில்லை. ஆனால் பெரியவரே அதைப் பேசினார். வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்ற ஹதீஸை ஒரு ஜும்ஆ பயானில் கேட்ட அன்று, துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டவராம், பிறகு எடுக்கவேயில்லை. உயிருள்ளதைக் குறிப்பலகையாக்கிப் பழகுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உயிரோடு விழட்டும் என்று வேண்டுமென்றே தூரத்திலிருந்து சுட்டு, காயத்தோடு புதருக்குள் ஓடவிடுவதும் அந்தத் தடையோடு சேர்ந்ததே.

அவர் நிறுத்தாவிட்டாலும் சட்டம் நிறுத்தியிருக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில பறவைகளை உரிமம் பெற்று வேட்டையாட வழியிருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. இன்று இந்த ஏரிகளில் ஒரு சிறகியையோ உள்ளானையோ சுடுவதும், வலைவைப்பதும், அதை வாங்குவதும் சிறைக்குரிய குற்றம். கடன் வாங்கிய துப்பாக்கியானால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் சேரும். நாம் குடியிருக்கும் நாட்டின் பொதுநலச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உடன்பட்டே வாழ்கிறோம். மாமிசம் அறுப்பால் ஹலாலாகிவிட்டாலும், உடன்பாட்டை முறித்த பாவம் தனியே நிற்கும். சாலையோரத்தில் இறகு பறித்த காட்டுப் பறவையைக் குறைந்த விலைக்கு நீட்டினால், யார் பிடித்தார், எதனால் செத்தது, யார் அறுத்தார் என்ற மூன்றுக்கும் விடை கிடைக்காது. வீட்டுப் பெண்கள் அதை வாங்காமலிருப்பதே சரி. கடையில் விற்கும் பண்ணைக் காடை வேறு. அதை உயிரோடு பார்த்து அறுத்து வாங்கலாம்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரவை பட்ட கறியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள் தங்குகிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கெடுதி. ஏரியில் சிந்திய ரவையைக் கல் என்று விழுங்கி வாத்துகளும் சாகின்றன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையையே தடுத்துவிட்டார்கள். வான்கோழிக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை.

மகனுக்கு என்ன சொல்வது? வான்கோழி ஹலாலான பறவைதான். அது அமெரிக்க மண்ணுக்கு உரியதாகையால் பழைய கிதாபுகளில் பெயர் இராது. ஆனால் நகத்தால் வேட்டையாடும் இனமல்ல, தானியமும் பூச்சியும் தின்பது. துப்பாக்கிதான் சிக்கல். அந்நாட்டில் பல மாநிலங்களில் வில்லாலும் வான்கோழி வேட்டைக்கு அனுமதி உண்டு என்று அறிகிறோம். அதற்கான அம்பின் நுனியில் சவரக் கத்தி போன்ற அலகுகள் பொருத்தியிருக்கிறார்கள். அது ஹதீஸில் வந்த அம்பேதான். நாணை விடும்போது பிஸ்மி சொல்லி எய்து, அலகு வெட்டி, கை போய்ச் சேருமுன் பறவை இறந்திருந்தாலும் நான்கு மத்ஹபிலும் கூடும். உயிரோடு கிடைத்தால் மட்டும் அறுத்தாக வேண்டும். பிஸ்மியை அம்பு எடுக்கும்போதே சொல்லிவிட்டு மறந்துவிடக் கூடாது; ஹனஃபிகளிடம் எய்யும் நேரத்துப் பிஸ்மிதான் கணக்கு.

இவ்வளவையும் எழுதியனுப்பினோம். பத்து நாள் கழித்துத் தாயாரிடமிருந்து பதில் வந்தது. மகனுக்கு வில் பிடித்துப் பழக ஒரு வருஷம் ஆகுமாம். அதுவரை பண்ணையொன்றில் உயிருள்ள வான்கோழியை வாங்கித் தானே அறுக்கப் போகிறானாம். பத்துக் கிலோவுக்கு மேல் கனமுள்ள பறவையை ஒருவனாகப் பிடித்து அறுக்க முடியுமா என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார்கள். முடியாது, இறக்கையை அழுத்திப் பிடிக்க இன்னொருவர் வேண்டும், கத்தியைப் பறவை பார்க்காமல் தீட்டி வைத்திருக்க வேண்டும்.