எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சுத்தியலைப் பிடுங்காதீர்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், அந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்துவிடும். இடது பக்கம் ஒரு சின்னக் குழந்தையின் கை எக்ஸ்ரே. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள், மற்றதெல்லாம் கறுப்பு. வலது பக்கம் ஏழு வயதுக் கை, மணிக்கட்டு முழுக்க எலும்பு. கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: ஏழு வயதுவரை மணிக்கட்டில் எலும்பே இல்லை, சுத்தியலோ திருப்புளியோ கொடுத்தால் கை வளைந்துவிடும்!

பென்சிலைப் பிடுங்குவதற்காகச் சுற்ற ஆரம்பித்த படம் இது. இப்போது வீட்டுக்கு வீடு சிட்டுக்குருவிக் கூடு, பொம்மை வண்டி என்று மரக் கிட் வாங்குகிறார்கள். படமும் அதற்கேற்ப வேலை மாறிவிட்டது. விளைவு என்ன? அப்பா ஆணி அடிக்கிறார். அம்மா பசை தடவுகிறார். யாருக்காக வாங்கினார்களோ அந்த ஐந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறது. "பாப்பாவே செய்தது" என்று ஸ்டேட்டஸ் வேறு.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குழந்தைகளின் கைகளோடுதான் என் பிழைப்பு. அதனால் இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

படம் உண்மை, அதன் கீழே உள்ள வாசகம் பொய். எக்ஸ்ரேயில் தெரிவது சுண்ணாம்புச் சத்து ஏறிய எலும்பு மட்டும்தான். குருத்தெலும்பு அதில் தெரியாது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போதே குருத்தெலும்பாக, அதனதன் வடிவத்தில், அதனதன் இடத்தில் இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக நடுவிலிருந்து இறுகுகின்றன. முதல் இரண்டு, பெரும்பாலும் பிறந்த சில மாதங்களிலேயே. மூன்றாவது, இரண்டு மூன்று வயதில். மற்றவை அடுத்த சில ஆண்டுகளில். படத்தில் கறுப்பாகத் தெரியும் இடம் காலியிடம் இல்லை. அங்கே மணிக்கட்டு இருக்கிறது, எக்ஸ்ரேக்குத்தான் தெரியவில்லை. இந்த வரிசையை வைத்துத்தான் மருத்துவர்கள் கை எக்ஸ்ரேயில் எலும்பு வயதைக் கணிக்கிறார்கள். கிரூலிக், பைல் என்ற இருவர் 1950இல் வெளியிட்ட பட அட்டவணை இன்றும் அதற்குப் பயன்படுகிறது. வளர்ச்சியை அளக்க எடுத்த படத்தை வேலை செய்யத் தடையாக்கியது யார் மூளையோ!

சரி, வாட்ஸாப் வாதத்தையே ஏற்றுக்கொள்வோம். எட்டு மாதக் குழந்தை தவழ்கிறது. பாதி உடல் எடை உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்குகிறது. அந்த வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் இரண்டே பொட்டுகள்தான் தெரியும். அப்படியானால் தவழ்வதையும் தடுப்போமா? எட்டாவது எலும்பு, பட்டாணி அளவில் இருப்பது, எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில்தான் இறுகுகிறது. "எலும்பு முழுசா வரட்டும்" என்று காத்திருந்தால் ஆறாம் வகுப்பில்தான் பிள்ளை பென்சில் பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. மணிக்கட்டு எலும்புகள் பெண் குழந்தைகளுக்கு முன்னதாகவே இறுகுகின்றன. படத்தை நம்புகிறவர்கள் சுத்தியலை முதலில் மகளிடம் அல்லவா கொடுக்க வேண்டும்? எந்த வீட்டில் கொடுக்கிறார்கள்?

வளரும் மணிக்கட்டுக்குச் சேதமே வராதா என்றால், வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பிள்ளைகளுக்கு, முழு உடல் எடையையும் கையில் தாங்கி மணிக்கணக்கில், மாதக்கணக்கில் பயிற்சி செய்வதால், முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டில் பாதிப்பு வருவதுண்டு. ஓடி விழும்போது கையை ஊன்றி எலும்பு முறிவதும் சகஜம். ஒரு கிட்டில் உள்ள பத்துப் பன்னிரண்டு ஆணிகளை இவற்றோடு சேர்க்க முடியாது. தவறான சுத்தியலைக் கொடுத்தால் மட்டும் கை வலிக்கும். வீட்டில் தேங்காய் உடைக்கும் அரைக் கிலோச் சுத்தியல் ஐந்து வயதுக்கு ஆகாது. தலை 200 கிராம் அளவில், கைப்பிடி குட்டையாக இருக்கட்டும். அதையும் குழந்தை சுத்தியல் தலைக்கு அருகில் பிடிக்கும். "நுனியில பிடி" என்று திருத்தாதீர்கள். கனம் கைக்கு அடங்கினால் பிடி தானாகக் கீழே இறங்கும்.

ஆணியை விரலால் பிடிக்க வேண்டியதில்லை. துணிக்கு மாட்டும் கிளிப்பில் செருகிப் பிடிக்கலாம், அல்லது அட்டைத் துண்டில் குத்தி அட்டையைப் பிடிக்கலாம். முன்கூட்டியே டிரில்லில் சிறு துளை போட்டுக் கொடுப்பது பெரியவர் வேலை. அப்போது பலகையும் பிளக்காது, ஆணியும் சாயாது. பலகையைக் கிளாம்ப் போட்டு, குழந்தையின் இடுப்பு உயர மேசைமேல் இறுக்கிவிடுங்கள். குழந்தை நின்றுகொண்டு அடிக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி. கைக்கு உறை வேண்டாம், உறை போட்டால் பிடி வழுக்கும். இவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

இதில் கை என்ன கற்கிறது? ஒரு கை நிலையாகப் பிடிக்க, மறு கை இயங்குகிறது. எழுதும்போது தாளைப் பிடிக்காமல் எழுதும் பிள்ளைகளுக்கு இல்லாதது இந்தக் கூட்டுவேலைதான். திருப்புளியைத் திருகும்போது முன்கை புரள்கிறது. உப்புத்தாள் தேய்க்கும்போது எவ்வளவு அழுத்தம் போதும் என்று தோள்வரை தெரிகிறது. தவறாக அடித்தால் ஆணி வளைந்து உடனே காட்டிக்கொடுக்கிறது. திரையில் விரல் தேய்த்து இதில் ஒன்றையும் கற்க முடியாது.

"விரலில் பட்டுவிட்டால்?" படும். 200 கிராம் சுத்தியல், ஐந்து வயதுப் பலம். சிவக்கும், கொஞ்சம் அழும், அடுத்த அடி கவனமாக விழும். வலியின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் வேலூரைப் பாருங்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை சரியானவர்கள் பிழைக்க வழி வேண்டுமென்று தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள், மரப்பொம்மைகள் செய்யவைத்தார்கள். அந்தக் கைகளில் திரும்பத் திரும்பக் காயம் வந்ததற்குக் காரணம் உணர்ச்சி இல்லாதது. கைப்பிடியில் சிலாம்பு குத்தினாலும் தெரியாது, இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு வலி தெரியும். அதை நம்புங்கள்.

கிட் பற்றிய மற்ற நம்பிக்கைகளை வேகமாக முடித்துவிடுவோம்.

நம்பிக்கை: மரம் இயற்கையானது, அதனால் ஆபத்தே இல்லை.

உண்மை: கிட்டில் வருவது பல நேரம் மரமே அல்ல, எம்.டி.எஃப். மர நாரைப் பிசினில் குழைத்து அழுத்திய பலகை. அந்தப் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு, மரத்தூசி இரண்டையுமே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஆண்டுக்கணக்கில் பட்டறைத் தூசியில் நிற்பவர்களைப் பற்றியது, பயந்து ஓட வேண்டாம். ஆனால் எம்.டி.எஃப் பலகையை ஏசி அறையில் உட்கார்ந்து தேய்க்க வேண்டாம். மொட்டைமாடிக்குப் போங்கள், ஈரத் துணியால் துடையுங்கள். சுத்தியலைப் பார்த்து அலறுகிறவர்கள் இந்தத் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நம்பிக்கை: மரப் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை தேவையில்லை.

உண்மை: 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பியோ தங்கையோ இருந்தால் திருகாணிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். விரலில் படும் அடியைவிடத் தொண்டையில் சிக்கும் திருகாணி பெரிய ஆபத்து.

நம்பிக்கை: குழந்தைக்குப் பொறுமை இருக்காது, உடனே ஒட்டும் பசைதான் சரி.

உண்மை: உடனே ஒட்டும் பசை விரலோடு விரலையும் உடனே ஒட்டும். பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறும். சூடான பசைத் துப்பாக்கியும் வேண்டாம். வெள்ளை மரப் பசை போதும். அரை மணி நேரம் கிளாம்பில் இறுக்கி, ஒரு இரவு விடுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வராது, பசைக்கும் காய நேரம் வேண்டும். இரண்டும் பொருந்திப்போகின்றன. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுடையது.

நம்பிக்கை: இடதுகைப் பிள்ளைக்குச் சுத்தியலாவது வலது கையில் பழக்க வேண்டும்.

உண்மை: வேண்டாம். சுத்தியலுக்கு இடம், வலம் கிடையாது.

நம்பிக்கை: பெட்டியில் உள்ள படம் மாதிரி வரவில்லை என்றால் குழந்தை மனம் உடைந்துவிடும்.

உண்மை: உடைவது உங்கள் மனம். பிள்ளை தூங்கியபிறகு கூட்டைப் பிரித்து நேராக அடித்து வைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரிந்துவிடும். தான் அடித்த ஆணி சாய்வாக இருந்தது காலையில் நிமிர்ந்தால், "உன் வேலை போதாது" என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சிட்டுக்குருவி கூரை சாய்ந்திருப்பதைப் பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது 32 மில்லிமீட்டர் அளவில் ஒரு நுழைவுத் துளை, உள்ளே பெயிண்ட் பூசாத பலகை, பூனை எட்டாத உயரம், கொஞ்சம் நிழல்.

கிட் என்பதே அவசரத்துக்குத்தான். வெட்டி, துளை போட்டு, எண் ஒட்டி வரும் பலகையில் குழந்தை முடிவு செய்ய அதிகம் மிச்சமில்லை. ஒன்று வாங்குங்கள், பழகட்டும். இரண்டாவதற்கு உங்கள் தெருத் தச்சரிடம் போங்கள். பைன் பேக்கிங் பலகைத் துண்டுகளை அவர் அடுப்புக்குத் தள்ளுவார். கேட்டால் கொடுப்பார். பைன் மெத்தென்றிருக்கும், சின்னக் கைக்கும் ஆணி இறங்கும். தேக்கை முதலில் தொடாதீர்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். இழைப்புளி ஓடுவதைப் பார்க்காமல் எத்தனை பிள்ளைகள் வளர்கின்றன!

இங்கே என் நெடுநாள் புலம்பல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபின்லாந்து 1866இலேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. 1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நம் ஊர்களிலும் ஆதாரப் பள்ளிகள் இருந்தன. இன்று எத்தனையோ பள்ளிகளில் கைவேலை வகுப்பு கால அட்டவணையில் இருக்கும், அந்த நேரத்தில் கணக்கு நடக்கும். பிறகு "பிடிமானம் இல்லை, எழுத்து கோணல்" என்று என்னிடம் அனுப்புவார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒரு பகுதிக்குத் தேவைப்படுவது தெரபி இல்லை, ஒரு பலகையும் கொஞ்சம் ஆணியும்தான்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். மதிப்பெண்ணைக் கேட்டு முடித்தபின் இதையும் கேளுங்கள்: வாரத்தில் ஒரு பிற்பகல் ஊர்த் தச்சரைக் கூலி கொடுத்து வகுப்புக்கு அழைத்தால் என்ன? செலவு அதிகமாகாது. மேலே அனுமதி வேண்டும் என்பார்கள். எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.