தனி மரமும் தோப்பும்: இசைத்தட்டு சொல்லும் மூன்று பாடங்கள்



தனி மரம் தோப்பாகாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் விடுதி அறையில் இந்த வருஷம் பூராவும் இதைப் பற்றித்தான் சண்டை. அரசியல் சண்டை இல்லை, சினிமாச் சண்டையும் இல்லை. அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் குழுக்களைப் பற்றிய சண்டை! குழுவை விட்டுப் பிரிந்து தனியாக ஆல்பம் போடுகிறவர் உருப்படுவாரா என்பது ஒரு கேள்வி. பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்களே, அது ரசனையா, பைத்தியமா என்பது இன்னொரு கேள்வி.

"பாட்டுதான் போன்லயே வருதே, அப்புறம் எதுக்குடா தட்டு?" என்பான் மெக்கானிக்கல் நண்பன். "குழுல இருந்தப்ப வந்த சத்தம் தனியாப் போனா வராது மச்சான், எழுதி வச்சுக்கோ" என்பான் சிவில் நண்பன். நானோ எலக்ட்ரானிக்ஸ். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி. அதைத்தான் மூன்று பாடமாக இங்கே எழுதுகிறேன். தேர்வுக்கு வராது, தைரியமாகப் படிக்கலாம்!

ஆல்டர்நேட்டிவ் ராக் என்பது 1980-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வளர்ந்த இசை. பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத குழுக்கள், சின்னச் சின்ன இசைத்தட்டுக் கம்பெனிகள், கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலி நிலையங்கள் - இவைதான் அதன் நாற்றங்கால். பாஸ்டன் நகரத்துப் பிக்ஸீஸ், சியாட்டில் பக்கத்து நிர்வாணா போன்ற குழுக்கள் இந்த வழியில் வந்தவை.

பாடம் 1: தட்டின் கணக்கு

நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொலம்பியா கம்பெனி 1948-ல் கொண்டுவந்தது. 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று. மறு வருஷமே ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி 7 அங்குலச் சின்னத் தட்டைக் கொண்டுவந்தது. அதற்கு 45 சுற்று. பக்கத்துக்கு ஒரு பாட்டு.

எல்.பி. ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகிறது. சுற்றும் வேகம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் ஊசிக்குக் கீழே ஓடும் பள்ளத்தின் வேகம் ஒன்றல்ல. முதலாண்டில் படித்த சுற்று இயக்கத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெளி ஓரத்தில் ஆரம் சுமார் 14.6 செ.மீ. சுற்றளவு சுமார் 92 செ.மீ. அதை 1.8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 51 செ.மீ. உள் ஓரத்தில் ஆரம் சுமார் 6 செ.மீ. அங்கே விநாடிக்கு 21 செ.மீ.தான்.

அதாவது ஒரு விநாடிப் பாட்டு, தட்டின் வெளியோரத்தில் 51 செ.மீ. நீளத்துக்குத் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. உள்ளே போனால் அதே ஒரு விநாடி 21 செ.மீ.க்குள் முடங்கிக் கிடக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டால் ஒரு அலையின் நீளம் வெளியே 0.051 மி.மீ., உள்ளே 0.021 மி.மீ. அந்த நெளிவை ஊசி முனை சரியாகப் பின்தொடர முடியாமல் போகும்போது கீச்சொலி மங்கும், குரல் கரகரக்கும். அதனால்தான் பக்கத்தின் கடைசியில் அமைதியான பாட்டாகப் பார்த்து வைக்கும் வழக்கம் வந்தது.

இன்னொரு சங்கதி. கனமான பேஸ் ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி அடுத்த பள்ளத்தில் இடித்துவிடும். ஆகவே வெட்டும்போது பேஸைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். திருப்பிக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதற்கு நேர் எதிராகச் செய்து சமன் பண்ணுகிறது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 1954-ல் இதற்கு ஒரே அளவுகோலை வகுத்தது. தட்டில் இருப்பது பாதிப் பாட்டு, மீதிப் பாதி நம் எலக்ட்ரானிக்ஸ்காரன் கையில்! மெக்கானிக்கல் நண்பன் இதை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

இந்தக் கணக்கை வைத்து விளையாடியவர் ஜாக் ஒயிட். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழு 2011-ல் கலைந்த பிறகு தனியாக நடைபோட்டவர். 2014-ல் வந்த அவருடைய இரண்டாவது தனி ஆல்பம் 'லாசரெட்டோ'. அதன் சிறப்புத் தட்டில் முதல் பக்கம் உள்ளிருந்து வெளியே ஓடும். ஒரு பாட்டுக்கு இரண்டு தொடக்கம், பக்கத்தில் பக்கத்தில் வெட்டிய இரட்டைப் பள்ளத்தில். ஊசியை எங்கே வைக்கிறோமோ அந்தத் தொடக்கம் கேட்கும். நடு லேபிளுக்கு அடியிலும் பாட்டு ஒளிந்திருக்கிறது. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் சுமார் 40,000 தட்டு விற்றது. அதற்கு முன் பேர்ல் ஜாம் குழு 1994-ல் 'விட்டாலஜி' ஆல்பத்தை சி.டி.க்கு இரண்டு வாரம் முன்பே தட்டாக வெளியிட்டு, முதல் வாரத்தில் சுமார் 34,000 விற்றிருந்தது. 20 வருஷம் நின்ற அந்தச் சாதனையை முறியடித்தது ஒரு தனி மனிதரின் தட்டு.

பாடம் 2: சேகரிப்பவன் எதைத் தேடுகிறான்?

தட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். அலுமினியத் தட்டில் லேக்கர் பூசி, அதன்மேல் லேத்தில் பள்ளம் வெட்டுவார்கள். அதற்கு வெள்ளிப் பூச்சு, அதன்மேல் நிக்கல் மின்முலாம். உரித்தெடுத்தால் பள்ளம் மேடாகத் தெரியும் உலோகத் தட்டு. அதற்குப் பெயர் 'அப்பா'. அப்பாவிலிருந்து 'அம்மா', அம்மாவிலிருந்து 'ஸ்டாம்பர்'. ஸ்டாம்பரை இயந்திரத்தில் பொருத்தி, சூடான பி.வி.சி. உருண்டையை நடுவில் வைத்து அழுத்தினால் தட்டு ரெடி. வேதியியல் ஆய்வகத்தில் நாம் செய்த மின்முலாம்தான் இங்கே பாட்டுப் பாடுகிறது.

ஸ்டாம்பர் தேயும். தேய்ந்தால் புதிது எடுக்க வேண்டும். பல வருஷம் கழித்து மறு அச்சுப் போடும்போது லேக்கரையே புதிதாக வெட்டுவார்கள். வெட்டுகிறவர் மாறினால் காதில் விழும் பாட்டும் கொஞ்சம் மாறும். முதல் அச்சுக்கு ரசிகர்கள் அலைவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

எந்த அச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையைப் பார்த்து இல்லை. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வெற்று வளையம் இருக்கும். சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே கையால் கீறிய எண்ணும் எழுத்தும் தெரியும். வெட்டிய பொறியாளரின் அடையாளமும் சில சமயம் இருக்கும். இங்கிலாந்தின் ஜார்ஜ் பெக்கம் என்பவர் தன் பட்டப் பெயரான 'போர்க்கி'யைக் கீறி வைப்பார். தி ஸ்மித்ஸ் குழுவினர் ரசிகர்களுக்கு அங்கே குறும்பான வாசகங்களே எழுதினார்கள்.

இனி எண்ணிக்கை. சியாட்டில் நகரத்து சப் பாப் கம்பெனி 1988 நவம்பரில் ஒரு சங்கம் தொடங்கியது. சந்தா கட்டினால் மாதம் ஒரு 7 அங்குலத் தட்டு தபாலில் வரும். முதல் தட்டு, நிர்வாணாவின் முதல் தட்டான 'லவ் பஸ்'. 1,000 பிரதிகள், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண். அன்று அந்தக் குழுவை அறிந்தவர்கள் கொஞ்சம்தான். மூன்று வருஷத்தில் உலகமே அறிந்தது. இன்று அதற்கு யானை விலை. விலை ஏறியதும் போலித் தட்டும் வந்துவிட்டது.

இங்கேதான் எனக்கும் சிவில் நண்பனுக்கும் பெரிய வாக்குவாதம். "பழைய தட்டை லட்சம் குடுத்து வாங்குறானே, அதுல பாடினவனுக்கு என்னடா கிடைக்கும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஒன்றும் கிடைக்காது. கைமாறும் பணம் முழுவதும் விற்றவருக்குத்தான். புதிய தட்டு வாங்கினால்தான் இசைக் கலைஞருக்கு ஏதாவது போய்ச் சேரும். ஆகவே கேட்பதற்குச் சேர்க்கிறோமா, பூட்டி வைக்கச் சேர்க்கிறோமா என்பதை வாங்குகிறவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிக்காத உறையில் தூங்கும் தட்டு, தாலி கட்டாத பெண்ணுக்கு வாங்கிய நகை மாதிரி பெட்டியில்தான் கிடக்கும்.

தட்டு செத்துவிட்டது என்று சொன்னவர்களுக்கும் ஒரு கணக்கு. 2022-ல் அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டு விற்றது. சி.டி. சுமார் 3 கோடியே 30 லட்சம். 1987-க்குப் பிறகு தட்டு எண்ணிக்கையில் சி.டி.யை முந்தியது அந்த வருஷம்தான். அதே சமயம் இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் பார்த்தோம். கலிபோர்னியாவில் லேக்கர் தட்டு செய்த அப்போலோ தொழிற்சாலை 2020 பிப்ரவரியில் எரிந்துபோனபோது, உலகத்துக்கே லேக்கர் தர ஜப்பானில் ஒரே ஒரு கம்பெனிதான் மிச்சம் இருந்தது.

பாடம் 3: பிரிந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பிக்ஸீஸ் குழுவையே எடுத்துக்கொள்வோம். பாடகர் பிளாக் பிரான்சிஸ், பேஸ் கிடார் கிம் டீல், கிடார் ஜோயி சாண்டியாகோ, டிரம்ஸ் டேவிட் லவ்ரிங். 1988-ல் 'சர்ஃபர் ரோசா', 1989-ல் 'டூலிட்டில்' என்று அருமையான ஆல்பங்கள். ஆனால் பாட்டு எழுதுவது பெரும்பாலும் பிரான்சிஸ். கிம் டீலுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். 1993 தொடக்கத்தில் குழு உடைந்தது. பிரான்சிஸ் வானொலிப் பேட்டியில் அதைச் சொல்லிவிட்டார். கூட வாசித்தவர்களில் இருவருக்குத் தகவல் ஃபேக்ஸில் போனது என்பார்கள்.

பிறகு அவர் பெயரைத் திருப்பிப் போட்டு பிராங்க் பிளாக் ஆனார். அதே வருஷம் தனி ஆல்பம், 1994-ல் 22 பாட்டுகளோடு 'டீனேஜர் ஆஃப் தி இயர்'. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பாடம் ஒன்றின் கணக்குப்படி ஒரு எல்.பி.யில் அடங்காது! விமர்சகர்கள் பாராட்டினாலும் பிக்ஸீஸ் அளவுக்குக் கூட்டம் சேரவில்லை. சிவில் நண்பன் கட்சிக்கு ஒரு புள்ளி.

ஆனால் கிம் டீல்? குழுவில் இருக்கும்போதே பிரீடர்ஸ் என்று இன்னொரு குழு தொடங்கியிருந்தார். 1993-ல் அவர்களுடைய 'லாஸ்ட் ஸ்ப்ளாஷ்' வந்து, அமெரிக்காவில் பத்து லட்சம் எண்ணிக்கைக்குரிய பிளாட்டினம் தகுதியை எட்டியது. அது வரை பிக்ஸீஸின் எந்த ஆல்பமும் எட்டாத உயரம். ஓரத்தில் நிறுத்தப்பட்டவரிடம் என்ன இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது உதாரணம் டேவ் குரோல், நிர்வாணாவின் டிரம்மர். 1994 ஏப்ரலில் கர்ட் கோபெய்ன் இறந்ததோடு அந்தக் குழு முடிந்தது. அக்டோபரில் குரோல் சியாட்டில் ஸ்டூடியோ ஒன்றில் நுழைந்து, ஒரு வாரத்துக்குள் ஒரு ஆல்பத்தை முடித்தார். டிரம்ஸ், பேஸ், கிடார், பாட்டு எல்லாம் அவரே. ஒரே ஒரு பாட்டில் மட்டும் நண்பர் ஒருவரின் கிடார். அதைக் கேசட்டுகளாக்கித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். தன் பெயரைப் போடவில்லை. ஃபூ ஃபைட்டர்ஸ் என்று ஒரு குழுவின் பெயரைப் போட்டார். 1995-ல் ஆல்பம் வந்தது. பிறகு நிஜமாகவே ஆட்களைச் சேர்த்து அது பெரிய குழுவாயிற்று. தனி மரம் தோப்பான கதை!

கடைசியாக மறுபடி கிம் டீல். 2004-ல் பிக்ஸீஸ் ஒன்று கூடியபோது இவரும் வந்தார், 2013-ல் விலகினார். அதே சமயத்தில் தன் பெயரிலேயே 7 அங்குலத் தட்டுகள் சிலவற்றைச் சொந்தமாக வெளியிட்டார். பெரிய விளம்பரம் இல்லை. ஓஹையோ மாநிலத்து டேட்டனில், மறதி நோய் வந்த தாயாரைக் கவனித்துக்கொண்ட காலம் அது. அந்தத் தட்டுகளில் இருந்த 'ஆர் யூ மைன்?' என்ற பாட்டின் பின்னணி, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் தாய் கேட்ட கேள்வி. முழு நீளத் தனி ஆல்பம் 2024 நவம்பரில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 63. அந்தப் பாட்டு அதில் புதிய பதிவாக இடம் பெற்றிருக்கிறது. சின்னத் தட்டை வைத்திருப்பவரிடம் முதல் வடிவம், ஆல்பம் வைத்திருப்பவரிடம் முதிர்ந்த வடிவம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதற்கு உதவும் சேகரிப்பைப் பைத்தியம் என்று எப்படிச் சொல்வது?

தனி என்றால் யார்?

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இந்தத் தனி ஆல்பங்களின் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பிராங்க் பிளாக்கின் முதல் தனி ஆல்பத்தில் கிடார் வாசித்திருப்பவர்களில் ஒருவர் பழைய தோழர் சாண்டியாகோ! கிம் டீலின் தனி ஆல்பத்தில் அவருடைய இரட்டைச் சகோதரி கெல்லி இருக்கிறார், பிரீடர்ஸ் டிரம்மர் இருக்கிறார். சில பாட்டுகளைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. 1988-ல் 'சர்ஃபர் ரோசா'வைப் பதிவு செய்த அதே மனிதர். ஆல்பம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பு, 2024 மே மாதம் அவர் காலமானார்.

அல்பினியைப் பற்றி நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனையில் பங்கு வாங்க மறுத்தவர். குழாய் வேலை செய்கிறவர் மாதிரி, செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று நிர்வாணாவுக்கே கடிதம் எழுதியவர். தயாரிப்பாளர் என்ற பட்டத்தைவிட, பதிவு செய்தவர் என்று போட்டால் போதும் என்பார். டிப்ளமோ படிக்கிற நமக்கு இதைவிடப் பெரிய கௌரவமான வார்த்தை எது?

நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பேட்சுகள் எல்லாம் கலைந்துவிடும். ஒருவன் அப்ரண்டிஸ் போவான், ஒருவன் பகுதி நேர பி.இ. சேருவான், ஒருவன் அப்பாவின் பட்டறைக்கே போவான். எல்லோரும் ஒரு விதத்தில் தனி ஆல்பம் போடப் போகிறவர்கள்தான். அதில் தப்பில்லை. பிரிவதைப் பற்றி எனக்குப் பயமும் இல்லை. ஒரே ஒரு கோரிக்கை. சால்டர் வைத்தவன், டிராயிங் போட்டவன், ராத்திரி பூரா டைப் அடித்தவன் எல்லோருடைய பெயரும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். பேசத் தெரிந்தவன் பெயர் மட்டும் முன்னால் நிற்க வேண்டாம். ஃபேக்ஸ் அனுப்பிப் பிரிய வேண்டாம், நேரில் சொல்லிக் கை கொடுத்துப் பிரிவோம். நாளைக்கு நம்முடைய தனி ஆல்பத்துக்கும் ஒரு கிடார்காரன் தேவைப்படுவான்.

- மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை