ஏணியின் மேற்படி

உயர வேண்டும் என்னும் வேட்கை உயிர்கட்கெல்லாம் இயல்பாக அமைந்தது. நிழலில் முளைத்த செடியும் வெயிலை நாடித் தலை நீட்டுகின்றது. விளையாட்டு உலகிலும் இவ்வேட்கையைக் காணலாம். தாம் போற்றும் குழு இன்னும் உயர்ந்த பிரிவில் ஆடுதல் வேண்டும் என்று அதன் அன்பர்கள் விரும்புவர். விரும்புவதோடு அமையாது கூட்டம் கூட்டுவர், விண்ணப்பம் விடுப்பர், பொருள் திரட்டுவர், வாதாடுவர். இத்தகைய கிளர்ச்சி முறையானதா? எவ்வாறு நிகழ்ந்தால் அது பாராட்டத்தக்கதாகும்? நம் நாட்டுக் கால்பந்து வரலாற்றினின்று இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

முதற்கண், பிரிவு என்பது யாது என அறிதல் வேண்டும். குஜிலியம்பாறையைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் நிலக்கடலை எடுத்த பின்னர் இளைஞர்கள் பந்தாடும் காட்சியைக் காண்போர், அவ்வாட்டம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிவது என்று எண்ணக்கூடும். ஆனால் அவ்வூர்ப் பள்ளிக் குழு குறுவட்டப் போட்டியில் வென்றால் திண்டுக்கல்லை உள்ளடக்கிய மாவட்டப் போட்டிக்குச் செல்லும். அங்கும் வென்றால் மாநிலப் போட்டிக்குச் செல்லும். அக்குழு எவ்வூரைச் சேர்ந்தது, அதன் பள்ளிக் கட்டடம் எத்தகையது என்று எவரும் கேட்பதில்லை. வென்றதா என்பதே வினா. ஒரு படியினின்று மறுபடிக்கு ஏற வழி திறந்திருக்கின்றது.

கழகங்கள் ஆடும் தொடர்ப்போட்டிகளில் இம்முறை சிறிது வேறுபடும். ஒரு பிரிவிலுள்ள கழகங்கள் யாவும் ஒன்றோடொன்று மோதும். வெற்றிக்கு அக்காலத்தில் இரண்டு புள்ளிகள், இக்காலத்தில் மூன்று. சமநிலைக்கு ஒரு புள்ளி. ஆண்டிறுதியில் கீழ்ப் பிரிவில் முதலிடம் பெற்ற கழகம் மேற்பிரிவுக்கு ஏறும்; மேற்பிரிவில் கடைசியில் நின்ற கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். ஏற்றமும் இறக்கமும் இணைந்ததே இம்முறை. மேற்பிரிவில் ஆடினால் வலிய எதிரிகளோடு மோதலாம், சிறந்த ஆட்டக்காரர்கள் தாமே வந்து சேர்வர், காண்போர் பெருகுவர், பொருளும் பெருகும். ஆதலின் அவ்வாயில் அடைபட்டிருப்பின், கீழே நிற்பவர்க்கு நேரும் இழப்பு ஓர் ஆட்டத்தின் இழப்பு அன்று. வளர்ச்சியின் இழப்பே ஆகும்.

அவ்வாயில் அடைபட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்நாளில் கல்கத்தா எனப்பட்ட கொல்கத்தாவில் 1893-ஆம் ஆண்டு இந்தியக் கால்பந்துச் சங்கம் தோன்றியது. 1898-இல் கல்கத்தாக் கால்பந்துத் தொடர் தொடங்கியது. தொடக்கத்தில் அதில் ஆடியவை ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் கழகங்களுமே. இந்தியர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தனர். 1911-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29-ஆம் நாள் மோகன் பகான் கழகம், கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவினை 2–1 எனும் கணக்கில் வென்று, சங்கத்தின் கேடயத்தைக் கைக்கொண்டது. அக்குழுவினருள் பெரும்பாலோர் காலில் மிதியடியின்றி ஆடியவர்கள். அவ்வெற்றி நாடெங்கும் பெருமித உணர்ச்சியை எழுப்பிற்று. எனினும் தொடர்ப்போட்டியின் முதற்பிரிவில் மோகன் பகான் இடம்பெற்றது 1915-ஆம் ஆண்டில்தான். அப்பொழுதும் முதற்பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இடம்பெறலாகாது என்னும் விதி நிலவியது. எத்தனை இந்தியக் குழுக்கள் சிறந்து ஆடினும் இருக்கைகள் இரண்டே. அவ்விரண்டிலும் மோகன் பகானும் ஆரியன் கழகமும் அமர்ந்திருந்தன.

இந்நிலையில் 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. அதன் பிறப்பே ஒரு மனக்குறையின் விளைவு. சூலைத் திங்கள் இறுதியில் மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் கழகம், கிழக்கு வங்காளத்தவராகிய சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரைச் சேர்க்காது விட்டது. அக்கழகத்தின் துணைத் தலைவராகிய சுரேஷ் சந்திர சௌத்ரி வேண்டியும் பயனில்லை. அவர் அக்கழகத்தை விட்டு நீங்கினார். நண்பர்களோடு கூடிப் புதுக் கழகம் கண்டார். தம் மண்ணைப் பிரிந்து தலைநகரில் பிழைக்க வந்த கிழக்கு வங்காள மக்கள் பலர்க்கும் அக்கழகம் தம் ஊரின் பெயரைத் தாங்கிய கொடியாக விளங்கிற்று.

1921-இல் அக்கழகம் இரண்டாம் பிரிவில் சேர்ந்தது. 1924-இல் கேமரன்ஸ் ‘பி’ அணியோடு கூட்டாக முதலிடம் பெற்றது. கேமரன்ஸ் ‘ஏ’ அணி முன்னரே முதற்பிரிவில் ஆடி வந்தமையால், ஏறும் உரிமை ஈஸ்ட் பெங்காலுக்கே உரியதாயிற்று. ஆனால் விதி குறுக்கே நின்றது. இரண்டு இந்தியக் கழகங்கள் உள்ளே உள்ளன. மூன்றாவதற்கு இடமில்லை என்றனர். ஆடுகளத்தில் பெற்றதை ஏட்டில் எழுதிய ஒரு வரி பறிக்கலாமா என்று கழகத்தார் வழக்குரைத்தனர்.

இங்கே ஒரு செய்தி நம் உள்ளத்தை உறுத்துகின்றது. ஆங்கிலேயக் கழகங்கள் பலவும் ஈஸ்ட் பெங்கால் உள்ளே வருவதற்கு இசைந்தன என்றும், மோகன் பகானும் ஆரியனுமே எதிர்த்தன என்றும் சொல்லப்படுகின்றது. விதியை வகுத்தவர் பிறர். அதனால் நெடுங்காலம் வெளியே நின்று வருந்தியவர் இந்தியர். ஆயினும் உள்ளே ஓர் இருக்கை கிடைத்தபின் அவ்விதியே காவலாகத் தோன்றலாயிற்று. இது இரண்டு கழகங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. கூட்டம் மிகுந்த பேருந்தில் முண்டியடித்து ஏறியவன், ஏறிய மறுகணமே ‘இனி இடமில்லை’ என்று வாயிலில் நிற்பவனைத் தடுப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். மேலே சென்றபின் ஏணியை இழுத்துக்கொள்ளும் இயல்பு மாந்தர்க்கு எளிதில் வந்துவிடுகின்றது. அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமும் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் வள்ளுவர் வகுத்தமை இவ்வியல்பை நன்கு அறிந்தமையாலன்றோ?

இறுதியில் நடுவுநிலைமையே வென்றது. 1925-ஆம் ஆண்டுத் தொடர் தொடங்குமுன் சங்கத்தின் ஆட்சிக் குழு அவ்விதியை நீக்கியது. ஈஸ்ட் பெங்கால் முதற்பிரிவில் ஆடியது. அக்குழு ஒன்றற்கு மட்டும் விலக்களித்து, விதியை அப்படியே விட்டிருத்தலும் கூடும். அவ்வாறு செய்யாது விதியையே அகற்றினமையால், பின்வந்தோர் அனைவர்க்கும் வாயில் திறந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் பிரிவினின்று மேலேறிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934-இல் முதற்பிரிவில் கால்வைத்த அந்த ஆண்டிலேயே வாகை சூடியது. அத்தொடரை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அப்பெருமை அதற்கே உரியதாயிற்று. பின்னர் 1939-இல் மோகன் பகானும், 1942-இல் ஈஸ்ட் பெங்காலும் முதன்முறையாக அத்தொடரை வென்றன. பழைய விதி நிலைத்திருந்தால் இவ்வரலாறு எவ்வாறு நிகழ்ந்திருக்கும்? திறமை எங்கு ஒளிந்துள்ளது என்பதை வாயிற்காவலர் அறியார், ஆடுகளமே அறியும்.

இனி, நம் காலத்துக்கும் நம் நாட்டின் தென்பகுதிக்கும் வருவோம். ஐ-லீக் என்னும் அகில இந்தியத் தொடர் 2007-இல் தொடங்கியது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் மற்றொரு தொடர் எழுந்தது. பெரும்பொருள் செலுத்திய உரிமையாளர்களின் குழுக்களே பின்னதில் ஆடின. பொருளும் புகழும் அங்கே குவிந்தன. ஐ-லீக்கில் வென்றவர் அதனுள் ஏறுவதற்கு வழியில்லை.

2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் ஐ-லீக்கின் இறுதி நாள். சென்னை சிட்டி கழகம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை எதிர்த்தது. அதே வேளையில், பட்டத்துக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளக் கழகத்தோடு மோதியது. சென்னைக் குழு தொடக்கத்திலேயே ஒரு கோல் பின்தங்கியது. அரங்கில் கூடியிருந்தோர் திகைத்தனர். பின்பாதியில் பெட்ரோ மான்சி தண்ட உதையால் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3–1 என வெற்றி கிட்டிற்று. ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தில் வென்றது; ஆயினும் சென்னைக் கழகம் 43 புள்ளிகளும் அது 42 புள்ளிகளும் பெற்றமையால் ஒரு புள்ளியில் வாகை தமிழ்நாட்டுக்கு வந்தது. சில வாரங்களுக்குப் பின் நடந்த சூப்பர் கோப்பைப் போட்டியில், மற்றத் தொடரின் அவ்வாண்டு வாகையராகிய பெங்களூருக் கழகத்தையும் சென்னைக் குழு 2–1 என வென்றது. கீழே நிற்பவர் திறத்தால் கீழானவர் அல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனினும் அவ்வெற்றி மேற்பிரிவுக்கு வாயிலாகவில்லை. அவ்வாண்டில் ஐ-லீக் கழகங்கள் பல தம் எதிர்காலத்தைத் தெளிவாக்குமாறு கோரிச் சூப்பர் கோப்பைப் போட்டியையே புறக்கணித்தன. 2020-இல் ஈஸ்ட் பெங்கால் நூறாண்டு நிறைவு எய்தியது. அதன் அன்பர்கள் தம் கழகம் மேல் தொடரில் ஆடியே தீர வேண்டும் என்று குரல் எழுப்பினர். முதலீட்டாளர் ஒருவர் முன்வரவே அவ்வாண்டிலேயே அக்கழகம் உள்ளே சென்றது. முதலிடம் பெற்ற சென்னை சிட்டி வெளியே நின்றது. 2020–21 தொடருக்குப் பின் ஐ-லீக்கிலும் அது இடம்பெறவில்லை. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் ஆடுகள வெற்றியே அளவுகோலாக வேண்டும் என்று வாதாடிய கழகம், இம்முறை பொருளின் துணையால் வாயிலைக் கடந்ததை எண்ணுங்கால் காலத்தின் விந்தை புலனாகின்றது.

மறுபக்கத்தார் கூற்றையும் கேட்டல் நடுவுநிலைமை உடையார் கடன். அரங்கம் அமைத்தும் பயிற்சிப் பள்ளி நடத்தியும் பெருஞ்செலவு செய்வோர், ஓராண்டுத் தோல்வியால் யாவும் கெடுமோ என்று அஞ்சுதல் இயற்கை. வளர்ந்துவரும் ஒரு தொடருக்குச் சில ஆண்டுகள் காப்பு வேண்டும் என்பர். தக்க ஆடுகளமும் ஆட்டக்காரர்க்கு முறையான ஊதியமும் இல்லாத கழகம் மேலேறினால் அதற்கே ஊறு நேரும் என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நாற்றுக்கு இட்ட வேலி மரத்தின் வளர்ச்சியைத் தடுக்கலாகாது. தகுதிகளை முன்கூட்டியே எழுதி அறிவித்து, அவற்றை நிறைவேற்றி வென்றவர்க்கு வழிவிடுதலே முறை. 2019 அக்டோபரில் வகுக்கப்பட்ட திட்டம், 2022–23 முதல் ஐ-லீக்கை வென்றவர் நுழைவுத் தொகையின்றி மேலேறலாம் என்றது. அவ்வழியே 2023-இல் பஞ்சாபுக் கழகம் முதன்முதலில் ஏறியது. 2024-இல் ஏறியது பழம்பெரும் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகமே.

கடல் கடந்த நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள், பந்தைக் கையிலேந்தி ஓடும் தம் நாட்டுக் கால்பந்தினைப் பல பிரிவுகளாக ஆடுகின்றன. அங்கே வெற்றி மட்டும் ஒரு கல்லூரியை மேலேற்றாது. மேற்பிரிவிலுள்ள கல்லூரிக் கூட்டமைப்பு ஒன்றின் அழைப்பும் வேண்டும். ஆதலின் பழைய மாணவரும் ஊராரும் பொருள் ஈந்தும் அரங்கை நிரப்பியும் தம் கல்லூரியின் தகுதியைக் காட்ட முயல்வர். வர்ஜினியா மாநிலத்து ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2022-இல் அவ்வாறு மேலேறியது. ஏறியவர் இரண்டாண்டு காத்திருத்தல் வேண்டும் என்னும் விதியால், 2023-இல் 12 ஆட்டங்களில் 11 வென்றும் தன் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் அது ஆட இயலவில்லை. விதியைத் தளர்த்துமாறு விடுத்த வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. கசப்பாயினும், அவ்விதி முன்னரே அறிவிக்கப்பட்டது. ஏறிய அனைவர்க்கும் பொதுவானது.

இவற்றால் நாம் அறிவன யாவை? தம் குழு உயர வேண்டும் என்று கிளர்தல் குற்றமன்று. அது அன்பின் வெளிப்பாடே. ஆனால் அக்கிளர்ச்சிக்கு மூன்று வரம்புகள் உண்டு. முதலாவது, தமக்கு மட்டும் சலுகை கேளாது, எல்லார்க்கும் பொருந்தும் விதியைக் கேட்டல் வேண்டும். சலுகை பெற்றவனை அடுத்தவன் வெறுப்பான்; நல்விதி பெற்றவனை அடுத்தவன் பின்பற்றுவான். இரண்டாவது, ஏறும் உரிமையைக் கேட்போர் இறங்கும் கடமைக்கும் உடன்படுதல் வேண்டும். வென்றால் மேலேறுவேன், தோற்றாலும் கீழிறங்கேன் என்பது அறமாகாது. மூன்றாவது, தாம் ஏறியபின் ஏணியை இழுத்துக்கொள்ளாமை வேண்டும். இம்மூன்றனுள் இறுதியதே கடைப்பிடிக்க அரியது.

மாணவர்களே! நாளை நீங்கள் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஊர் மன்றத்திலும் பல வாயில்களைக் காண்பீர்கள். சிலவற்றின் வெளியே நிற்பீர்கள். சிலவற்றின் உள்ளே அமர்வீர்கள். வெளியே நிற்கும்போது நடுவுநிலைமையை வேண்டுதல் எளிது. உள்ளே அமர்ந்தபின் அதனை வழங்குதலே பெருமை.

வினாக்கள்

1. ஈஸ்ட் பெங்கால் கழகம் 1924-இல் முதலிடம் பெற்றும் மேற்பிரிவுக்கு ஏறத் தடையாக இருந்தது யாது? அத்தடை எவ்வாறு நீங்கியது?
2. ஒரு கழகத்துக்கு மட்டும் விலக்களிப்பதற்கும் விதியையே நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
3. 2019-இல் சென்னை சிட்டி கழகம் பெற்ற வெற்றிகளையும் அதன் பின் நிகழ்ந்தவற்றையும் தொகுத்து எழுதுக.
4. ‘ஏறியபின் ஏணியை இழுத்துக்கொள்ளுதல்’ என்னும் கருத்தை உங்கள் வாழ்வில் கண்ட ஒரு நிகழ்ச்சியோடு பொருத்திக் கட்டுரை வரைக.