கிரிப்டோ வரவை அன்றே ரூபாயில் எழுதுங்கள்

வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலைக்கான தொகையை பிட்காயினாக அனுப்பினால், வந்த நாளின் சந்தை விலையை ரூபாயில் கணக்கேட்டில் ஏற்றிவிடுங்கள். பரிவர்த்தனை எண்ணையும் அன்றைய விலை தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லோடு சேர்த்து வையுங்கள். “ரூபாயாக மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பவர்கள் உண்டு. ஆனால் செய்த வேலைக்கு வந்தது தொழில் வருமானம். வந்த அன்றே அது வரவு. பிறகு விற்று வரும் லாபம் தனிக் கணக்கு, அதற்கு இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. அந்த லாபத்தில் கழிக்க விடும் ஒரே செலவு வாங்கிய விலைதான். வேலைக்கு வந்த பிட்காயினுக்கு வந்த நாளின் மதிப்பே வாங்கிய விலை. அதற்குச் சான்று இல்லையென்றால், ஏற்கெனவே வருமானமாகக் காட்டிய பணத்துக்கே மறுபடி வரி கட்ட நேரும். பிட்காயினைக் கொடுத்து ஈதர் வாங்குவதும் விற்பனைதான். கைக்கு ஒரு ரூபாய் வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு.

“ஒன்றில் போனதை இன்னொன்றில் ஈடுகட்டலாமே” என்று கேட்பது நியாயம்தான், பங்குகளில் அதற்கு இடமிருக்கிறது. இங்கே சட்டம் விடுவதில்லை. பிட்காயினில் 1,00,000 ரூபாய் லாபம், ஈதரில் அதே அளவு நஷ்டம் என்றால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வரியோ செஸ்ஸோடு 31,200 ரூபாய். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. கடுமையான விதிதான். அதனாலேயே ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிப் பக்கம் அவசியம். விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்றும் பாருங்கள். கம்பெனி என்றால் கையிருப்பு, லாப நஷ்டம், பிறரிடம் இதற்காக வாங்கிய முன்பணம் ஆகியவற்றை நிதிநிலை அறிக்கையில் காட்டுவது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம்.