மீற்றர் முள் ஆடவில்லையா? கியர் பொக்ஸையும் பாருங்கள்

வேன் ஓடுகிறது, ஆனால் மீற்றர் முள் பூச்சியத்திலேயே கிடக்கிறது. கிலோமீற்றர் கணக்கும் நின்றுவிட்டது. "முள்ளு ஆடாட்டி என்ன, வண்டி ஓடுதுதானே" என்று சாரதிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படி விட்டுவிடக் கூடாது. மலைப் பாதையில் இறங்கும்போது வேகம் தெரியாது. ஒயில் மாற்றும் கணக்கும் பிரேக் பார்க்கும் கணக்கும் தவறிப்போகும். ஓட்டோ கியர் வண்டியென்றால் கியர் மாறுவதும் குழம்பும்.

எமக்குத் தெரிந்த ஒரு சாரதியிடம் மீற்றர் பெட்டி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், கியர் பொக்ஸிலிருந்து வரும் சென்சர் வயரை எலி கடித்திருந்தது! வீண் செலவு வராமலிருக்க இந்தப் பாடத்தைப் படிப்போம்.

சென்சரின் வேலை

கியர் பொக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு சுற்றும்போது சக்கரமும் சுற்றும். அந்தச் சுற்றைக் கணக்கெடுத்து, வயர் வழியாக மீற்றருக்கு அனுப்புவதே சென்சர். பழைய வண்டிகளில் இந்த வேலையை ஸ்பீடோ கேபிள் செய்தது.

எங்கே இருக்கும்?

பின் சக்கரம் இழுக்கும் வேனில், கியர் பொக்ஸின் வால் பக்கத்தில், புரொப்பெல்லர் தண்டு சேரும் இடத்துக்குக் கிட்ட இருக்கும். முன் சக்கரம் இழுக்கும் காரில், பொனட்டைத் திறந்து கியர் பொக்ஸின் மேல் பக்கம் தேடுங்கள். சில புதிய வண்டிகளில் இது தனியாக இல்லை, ஏ.பி.எஸ். சென்சர்களே வேகத்தைச் சொல்லும்.

முதலில் கட்டை வையுங்கள்

இதுதான் பாடத்தின் முக்கிய பகுதி. பின் சக்கரம் இழுக்கும் வேனில் சென்சரைச் சோதிக்க ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். அதற்கு ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். அந்த நேரம் வண்டியைப் பிடித்திருப்பது சக்கரத்துக்கு வைத்த கட்டை மட்டும்தான். ஆகவே சரிவில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். கியர் பொக்ஸ் சூடு ஆறட்டும்.

சோதிக்கும் முறை

1. முதலில் பியூஸைப் பாருங்கள்.
2. சென்சர் பிளக்கைக் கழற்றி, சேறு, ஒயில், பச்சைப் பாசம் இருந்தால் சுத்தம் செய்யுங்கள். வயர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல வேளைகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.
3. மூன்று வயர் சென்சரென்றால் ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சாவியை ஓனில் வையுங்கள். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மல்டி மீற்றரில் மின்சாரம் காட்டாவிட்டால் பழுது வயரில்.
4. பிளக்கை மாட்டி, ஒருவர் சக்கரத்தை மெதுவாகச் சுற்ற, மற்றவர் சிக்னல் வயரைப் பார்க்கட்டும். வோல்ட் ஏறி இறங்கினால் சென்சர் நல்லது. அசையாவிட்டால் சென்சரையோ அதன் பிளாஸ்டிக் பல்சக்கரத்தையோ சந்தேகியுங்கள்.

மாற்றும் முறை

சாவியை எடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். ஒரு துளி மண்ணும் உள்ளே போகக் கூடாது. ஒயில் வழியலாம், அடியில் ஒரு தட்டு வையுங்கள். போல்ட்டைக் கழற்றி, சென்சரை லேசாகத் திருகி இழுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பற்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் மீற்றர் பொய் சொல்லும். புதிய இறப்பர் வளையத்தில் ஒயில் தடவிப் போடுங்கள். கியர் பொக்ஸ் அலுமினியம், போல்ட்டை வெறிகொண்டு முறுக்க வேண்டாம். வழிந்த ஒயிலை நிரப்பிவிடுங்கள்.

சரியா என்று அறிய, வீதியோரக் கிலோமீற்றர் கல்லைப் பாருங்கள். முள் 30இல் நிற்க ஓடினால், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 2 நிமிடம் எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் நேரத்தைப் பார்க்கட்டும். சாரதியின் கண் வீதியில் இருக்கட்டும்.

மீட்டிப் பார்ப்போம்

1. பியூஸுக்கு அடுத்து எதைப் பார்ப்போம்?
2. பற்களை ஏன் எண்ணுகிறோம்?
3. சக்கரத்தைச் சுற்றும்போது வண்டியைப் பிடித்திருப்பது எது?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர், தயவுசெய்து வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.