பவளம் ஏன் வெளுக்கிறது?

லட்சத்தீவு நமது நாட்டின் ஒரு பகுதி. கேரளத்துக்கு மேற்கே, அரபிக் கடலில் இருக்கிறது. மொத்தம் 36 தீவுகள் என்பது அரசுக் கணக்கு. அவற்றில் 10 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். தலைநகரம் கவரத்தி. அங்கே மலை இல்லை. ஆறும் இல்லை. தரை கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான்.

இந்தத் தீவுகளைக் கட்டியது யார்? பவளப் பூச்சிகள்!

பவளம் கல் போல இருக்கும். பார்த்தால் செடி போலவும் தோன்றும். ஆனால் அது ஓர் உயிரினம். மிகச் சிறிய பூச்சிகள் கூட்டமாக வாழ்கின்றன. கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. பூச்சி செத்தாலும் வீடு நிற்கும். அதன் மேல் அடுத்த பூச்சி கட்டும். இப்படிப் பல ஆயிரம் ஆண்டுகளில் பாறை வளர்ந்தது. பாறை உடைந்து மணலாகி, தீவு ஆனது.

பவளப் பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. இந்தப் பாசி வெயிலில் உணவு தயாரிக்கும். அதில் பெரும் பங்கைப் பூச்சிக்குக் கொடுக்கும். வீட்டுக்காரருக்கு வாடகை தருவது போலத்தான். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவதே.

கடல் நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரி நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தச் சூடு சில வாரங்கள் நீடித்தால் பவளம் தாங்காது. பாசியை வெளியே தள்ளிவிடும். உடனே வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். அப்போது அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிரவில்லை என்றால் பவளம் செத்துவிடும்.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதால் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. அது வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இந்தக் கூடுதல் வெப்பத்தில் 100க்கு 90 பங்கு கடலுக்குள்தான் போகிறது.

லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் பெருமளவில் வெளுத்தது. 2024இலும் வெளுத்தது. வேகமாக வளரும் பவளம்கூடத் தேறிவர ஏறக்குறைய 10 ஆண்டுகள் வேண்டும். முதல் இரண்டு அடிகளுக்கு நடுவே 12 ஆண்டுகள் கிடைத்தன. அடுத்த இடைவெளி 6 ஆண்டுகள்தான்.

பவளம் செத்தால் மக்களுக்கு என்ன நஷ்டம்?

பெரிய அலை முதலில் பவளப் பாறையில் மோதி உடைகிறது. பாறை தேய்ந்தால் அலை நேராகக் கரையை அரிக்கும். கிணற்றிலும் உப்பு ஏறும். அங்கே நிலத்தடி நன்னீர், கடல் நீரின் மேல் ஆடை போல மிதக்கிறது. குடிக்கிற தண்ணீர் போனால் தீவில் எப்படி இருப்பது?

தொழிலும் இதில் இருக்கிறது. தீவு மக்கள் தூண்டில் கழியால் சூரை மீன் பிடிக்கிறார்கள். அதைக் காயவைத்தால் மாசி. நம் ஊர்க் கடைகளிலும் விற்கிற மாசிக் கருவாடுதான் அது. சூரையைக் கவர உயிருள்ள பொடி மீன் வேண்டும். பொடி மீன் பவளப் பாறைக்குள் அடங்கிய காயலில் கிடைக்கிறது.

இன்னொரு மீனும் முக்கியம். அதன் பெயர் கிளிமீன். வாய் கிளி மூக்கு போல இருக்கும். செத்த பவளத்தின் மேல் வேறு பாசி மண்டும். கிளிமீன் அதைச் சுரண்டித் தின்னும். சுத்தமான பாறையில்தான் புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ளும். சூரையையே நம்பியிருந்த காலத்தில் கிளிமீனை அதிகம் தொடவில்லை. அண்மை ஆண்டுகளில் பாறை மீன்களையும் விற்பனைக்குப் பிடிக்கிறார்கள். சூரை கிடைக்காத நாளிலும் மீனவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே.