செல்லுக்குள் ஓர் அமிலப் பை

கேள்வி: லைசோசோமைத் ‘தற்கொலைப் பை’ என்று பள்ளியில் சொல்லித் தந்ததாக என் மகள் சொன்னாள். புரதம், கொழுப்பு என எதையும் சிதைக்கும் நொதிகள் அதற்குள் இருக்கின்றனவாம். அப்படியென்றால் அந்தப் பையையும் செல்லையும் அவை ஏன் விட்டுவைக்கின்றன என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: நல்ல கேள்வி. அந்த நொதிகளுக்கு அமிலம் வேண்டும், அதுதான் ரகசியம். லைசோசோமுக்குள் பி.எச். அளவு 5-க்குச் சற்றுக் கீழே. வெளியே செல்திரவத்தில் ஏறக்குறைய 7.2. பி.எச். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆக, உள்ளே நூறு மடங்குக்கும் மேல் புளிப்பு. ஒன்றிரண்டு பைகள் கசிந்தாலும் வெளியே வந்த நொதிகள் பெரும்பாலும் செயலிழந்துவிடும். இந்தப் புளிப்பு சும்மா வருவதில்லை. சவ்விலுள்ள புரத பம்புகள் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே தள்ளுகின்றன. பையின் சவ்வுக்கோ வேறு பாதுகாப்பு: அதன் புரதங்களின் உட்புறம் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து மூடியிருப்பதால் நொதிகள் எளிதில் நெருங்க முடியாது.

பை ஒன்று இருப்பதே தற்செயலாகத்தான் தெரிந்தது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டுவ் எலியின் கல்லீரலை அரைத்து ஒரு நொதியை அளந்தார். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அதே சாற்றைச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து அளந்தால் எகிறியிருந்தது! ஏதோ ஓர் உறைக்குள் அடைபட்டிருந்த நொதி, உறை சிதைந்ததும் வெளிப்பட்டிருக்கிறது. 1955-இல் லைசோசோம் என்று பெயரிட்டார். 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பல பைகள் ஒருசேர உடைந்தால் ஆபத்துதான். கல் உடைப்போர் சுவாசிக்கும் சிலிக்கா தூசியை நுரையீரலின் விழுங்கு செல்கள் விழுங்க, அந்தத் துகள்கள் லைசோசோமைக் கிழித்துவிடுகின்றன, அழற்சி மூளுகிறது. சிலிகோசிஸ் நோயில் இதற்கும் பங்குண்டு.

ஆனால் என்னைக் கேட்டால், தற்கொலையைவிடச் சொல்லத் தக்கது இதன் அன்றாட வேலை: தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாவைக்கூடச் சிதைத்து, கிடைத்த மூலப்பொருளைச் செல்லுக்கே திருப்பித் தருவது. ஒரே ஒரு நொதி இல்லாவிட்டாலும் என்ன ஆகும் என்பதற்குப் பாம்ப்பே (Pompe) நோய் சாட்சி. லைசோசோமுக்குள் கிளைக்கோஜன் சிதையாமல் தேங்கி, தசைகள் தளர்கின்றன. குழந்தைகளுக்கு இதயமும் வீங்குகிறது. இன்று அந்த நொதியையே சிரை வழியாக ஏற்றுகிறார்கள். செல் அதை வெளியிலிருந்து உள்வாங்கி, நேரே லைசோசோமுக்குக் கொண்டுசேர்த்துவிடுகிறது.